ஓடுகிறதா என்று படிவம் கேட்கவில்லை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதைப் போன வாரப் பேப்பரில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முன்வரிசையில் மூன்றாவது ஆள். கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் போலிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வரும்போது சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடுகிறது, அல்லது மறந்ததாகச் சொல்லிவிடுகிறேன். காகிதம் என்றால் பாதியில் வைக்க முடியாது.

மாடித் தொட்டி ஒழுகியது, ஆள் வைத்து அடைத்துவிட்டேன். உங்கள் வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் என்று மெக்கானிக் சொன்னார். அந்த ஐந்து நிமிடமும் வாசலில் சத்தம் இருப்பதால் எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "சார் வந்துட்டாரா?" என்று கேட்கிறார். வாரா வாரம் கேட்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே காலர்க்கா என்று ஒருத்தி இருக்கிறாள். புறவழிச்சாலை ஓரத்தில் சட்டைக் கம்பெனிகள் வந்தபோது முதல் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவள். பன்னிரண்டு வருடமாகக் காலர் மட்டும்தான் தைக்கிறாள். ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது. "கழுத்துக்கு மேல என்ன வேணும்னாலும் கேளுங்க, கை, பட்டன் எல்லாம் அடுத்த லைன்" என்று சிரிப்பாள். வயதில் என்னைவிடப் பெரியவள்தான், இருந்தாலும் என்னை அக்கா என்பாள். கணக்கெடுப்பு டேப்லெட்டோடு வருபவர்கள் எல்லோரும் அவளுக்கு அக்கா.

அந்தத் தெரு மாறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணமான புதிதில் நாம் போனபோது தார்ப்பாய்க் கூரைகள்தான் இருந்தன. இப்போது எல்லாம் சுவர். இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கிறது. செருப்பில்லாத குழந்தையை நான் இந்த முறை பார்க்கவில்லை. கம்பெனிகள் வந்ததால்தான் இதெல்லாம். அந்தப் பெண்கள் குனிந்து தைத்துத் தைத்து எழுப்பிய சுவர்கள் அவை. உங்கள் துறையின் வறுமை அறிக்கை சொல்லும் வளர்ச்சியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் மாதத்தில் பத்து நாள் வேலை கிடையாது. போன வருடம் இரண்டு லைனை மூடிவிட்டார்கள். சுவர் அப்படியே நிற்கிறது. உள்ளே ஒரு வேளைச் சமையல்.

வறுமைக் கணக்கெடுப்புக்கு நான் காலர்க்கா வீட்டுக்குப் போன அன்று கூரை, தரை, கழிப்பறை எல்லாம் கேட்டு முடித்து, "ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்குக்கா, ரெண்டு கதவு. நல்லா எழுதிக்கோங்க" என்றாள். மேலே பூப்போட்ட துணி விரித்து, பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தாள். கம்பெனி நன்றாக ஓடிய வருடம் வாங்கியது.

அதன் வயர் சுருட்டி, தையல் நூலால் கட்டி, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த ஃபிரிட்ஜ் செத்து நான்கு வருடமாகிறது. மேல் கதவுக்குள் துணிமணி, கீழே மகளின் புத்தகங்கள். எலி கடிக்க முடியாத ஒரே அலமாரி அதுதான்.

பார்த்துவிட்டும் "ஆம்" என்று அழுத்தினேன். படிவம் இருக்கிறதா என்றுதான் கேட்டது. போன கணக்கெடுப்பில் அதற்கு அடுத்து, "இயங்கும் நிலையில் உள்ளதா?" என்று ஒரு வரி இருந்தது. இந்த முறை இல்லை. அவ்வளவு பெருமையாகச் சொன்னவளிடம் வயரைக் காட்டிக் கேட்க எனக்கு வாயும் வரவில்லை. மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

அந்த வரியை எடுத்த குழுவில் நீங்கள் இருந்தீர்கள். பதினொரு கேள்விகளைக் குறைத்துவிட்டோம், வீட்டுக்கு நாலு நிமிஷம் மிச்சம் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னீர்கள். நல்ல விஷயம்தான் என்று நானும் சொன்னேன். அன்று நீங்கள் என்னோடு கொஞ்சம் நேரம் கூடப் பேசினீர்கள், அதனால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏழைக் குடும்பங்களின் பட்டியல் வந்தது. ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டுக்கு அதில் இடமில்லை. ரயில்வே கேட் தெருவில் பாதிக்கு மேல் பெயர்கள் இல்லை. முனை டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "நம்ம தெரு ஏழைங்க எல்லாம் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டாங்க போல, ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போகல" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் அதே தெருக்காரர்கள்தான்.

காலர்க்கா சிரிக்கவில்லை. அவள் மகள் நர்சிங் இரண்டாம் வருடம். பட்டியலில் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெளியே தங்க வழியில்லை, படிப்பு நின்றுவிடும். மகளையும் கம்பெனிக்கே கூட்டிப் போய்விடலாம் என்று காலர்க்கா யோசிக்கிறாள். சட்டைக் கை தைக்கும் லைனில் ஆள் தேவையாம்.

என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் மேல ஏறிட்டேனாம்க்கா. ஏணி எங்கே இருந்துச்சுன்னுதான் தெரியல" என்றாள். ஓடலைன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "உங்களைச் சொல்லி என்ன, நான்தானே வாயைக் குடுத்தேன். ஒரு நாளாவது இருக்குன்னு சொல்லிப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டேன்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போடலாம். ஆனால் கணக்கெடுத்தவரே தவறு தன்னுடையது என்று கையெழுத்திட்டால்தான் ஏற்பார்கள். அப்படிக் கையெழுத்திட்டவரை அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிடுவதில்லை. நான் போட்டுவிட்டேன். வயரைப் பார்த்தேன் என்றும், அந்தக் கேள்வி நீக்கப்பட்டிருந்தது என்றும் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே அந்தக் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்திருக்கும். வறுமை பாதியாகக் குறைந்தது என்று அறிவித்த மேடையில் உட்கார்ந்து எழுந்து வந்த வாரத்தில் இப்படி ஒரு கோப்பு, அதிலும் என் கையெழுத்தோடு வருவது உங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று தெரியும். உங்களிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்புறம் கூப்பிடறேன் என்றிருப்பீர்கள்.

ஒன்று நினைவிருக்கிறதா? முன்பு நாம் சேர்ந்து கணக்கெடுக்கப் போகும்போது நீங்கள் கேட்பீர்கள், நான் எழுதுவேன். எந்த வீட்டுக்குப் போனாலும், பேசிக்கொண்டே போய் அடுப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள். இன்று எரிந்ததா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. "ஓரத்துல எழுதும்மா, அடுப்பு சில்லுன்னு இருக்கு" என்று வெளியே வந்து மெதுவாகச் சொல்வீர்கள். நான் ஓரத்தில் எழுதுவேன். டேப்லெட்டில் ஓரம் இல்லை.

இன்னொரு தவறும் இருக்கிறது. யாரும் அதற்கு விண்ணப்பம் போடப்போவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் அவரவர் வீட்டுப் படிவத்தை முதலில் நிரப்பச் சொன்னார்கள். சுவர், குழாய், வாஷிங் மெஷின், இரு சக்கர வாகனம் எல்லாவற்றுக்கும் ஆம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது, உள்ளே அரை லிட்டர் பால் மட்டும் இருக்கிறது. பிறகு குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்டது. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் தங்குபவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நீங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய் நான்கு வருடமாகிறது. போன வருடம் பதினேழு நாள் இருந்தீர்கள்.

நான் இரண்டு என்று போட்டிருக்கிறேன்.

விதிப்படி அது பிழை. காலர்க்கா சொன்னாளே, இருக்கு என்று, அதே குரலில்தான் நானும் போட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் கோப்பை மட்டும் மாதக் கடைசிக்குள் திருத்திவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நம் வீட்டுப் படிவத்தைத் திருத்துவதாக இருந்தால், அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம். ஒருமுறை நேரில் வந்து, அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலர் அளவுக்குக் கொஞ்சம் சதை போடுங்கள்.

என்றும் உங்கள்,
படிவத்தில் இரண்டாவது ஆள்