சொத்தை இல்லாத கத்தரிக்காய்

ராஜகீழ்ப்பாக்கம், 10 ஜனவரி 2010

அன்பு ஜெய்னப்புக்குச் சலாம். உன் முட்டுவலி தேவலையா? நம் மகள் ரஹ்மத்துக்கு ஏழாம் மாதம், கொஞ்சம் நடக்கச் சொல். நான் நலம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. மரபணு மாற்றிய கத்தரிக்காய் வரப்போகிறது, அதைப் புழு தொடாது என்று பேப்பரில் போட்டதிலிருந்து, நம் கடையில் எல்லாரும் சொத்தைக் காயாகத் தேடுகிறார்கள். இருபது வருடமாக நான் பொறுக்கி எறிந்த காய்! நேற்று மேடவாக்கத்துச் சத்யபிரியா, அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான், கூடையையே புரட்டிவிட்டு, "இன்னா பாய், ஒரு ஓட்டைகூட இல்லையே, நம்பி சாப்பிடலாமா?" என்றாள்.

"தாராளமா சாப்பிடும்மா, நான் பொறுப்பு" என்றேன். வாங்கிப் போனாள்.

அந்தக் காய் வந்துவிட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாது. பார்த்ததும் எந்த ஊர்க் காய் என்று சொல்கிற என்னால் இதைச் சொல்ல முடியவில்லை. மண்டியில் கேட்டால் சிரிக்கிறார்கள். தின்கிறவர்களை யாருமே கேட்கவில்லை. இனி இந்தக் கண்ணை வைத்து என்ன வியாபாரம் செய்வது?

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. ஒற்றை ஆளுக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை.

லோடு வந்துவிட்டது, முடிக்கிறேன். ரஹ்மத்துக்குக் கடைக் கத்தரிக்காய் சமைத்துப் போடாதே. சத்யபிரியாவிடம் சொன்னதை என் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அயூப்