இரண்டு இருக்கைகளும் என்னிடம் உள்ளன

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் இல்லாத கட்டடம்),
மருந்துக் கடைக்கு மேலுள்ள குடியிருப்பு,
நூலகச் சாலை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: கேட்பாரற்ற கழிவு எனக் கருதி, காபிக் கடை வாசலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இருவர் ஓட்டும் மிதிவண்டியை வெள்ளிக்கிழமை நடக்கவிருக்கும் பழைய இரும்பு ஏலத்திலிருந்து விலக்கி, அதன்மேல் கத்தி வைக்காமல் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிடங்குப் பட்டியலில் "இரும்புக் கழிவு, நீளமானது" என்று குறிக்கப்பட்டுள்ள பொருள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கள் அலுவலக லிஃப்டும் பலமுறை என் கைக்கு வந்ததுதான். இரண்டாம் மாடியில் நிற்கும்போது அது சற்றே துள்ளும். அந்தத் துள்ளல் என் காலத்திலிருந்தே உண்டு. அதை மனதில் வைத்து இம்மனுவைத் தள்ளிவிட வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி பொது மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் செவிலியராக இருந்தவள். காலமாகி இரண்டாவது ஆண்டு நடக்கிறது. அவள் எழுதியிருந்தால் இந்த மனு அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். எனக்கு அந்தத் திறமை இல்லை, பொறுத்தருள வேண்டும்.

2. மேற்படி சைக்கிள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகளும் இரண்டு ஜோடி பெடல்களும் கொண்டது. ஒரு கடையில் சொல்லி வெளிநாட்டிலிருந்து தருவித்தோம். விலையை இங்கே எழுதினால் தாங்கள் என்னை மனுதாரராகப் பார்க்காமல் வேறு மாதிரி பார்ப்பீர்கள் என்பதால் ரசீதின் நகலை மட்டும் இணைத்துள்ளேன். என் மனைவிக்குத் தனியாகச் சைக்கிள் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போய், தான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே நோயாளியாகத் திரும்பி வந்தவள். நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், "வாழ்நாள் முழுக்க மேலயும் கீழயுமா போய்ட்டு வந்துட்டீங்க. இனிமேலாவது நேரா போகலாங்க" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக எங்கள் இருவருடைய சேமிப்பும் சைக்கிளாக மாறியது. எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று மகள் தன் கணவரிடம் கவலைப்பட்டதாகப் பின்னால் தெரியவந்தது.

3. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று கடையிலேயே கனமான பூட்டையும் சங்கிலியையும் கேட்டு வாங்கினோம். ஆனாலும் முதல் வாரமே, செருப்புக் கடையில் அவள் கால் அளவு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பூட்டு பூட்டியபடி இருக்க மணியும் பின்விளக்கும் காற்றுப் பம்பும் போய்விட்டன. நாங்கள் வெளியே வந்தபோது முன்பின் தெரியாத நாலைந்து பேர் சுற்றி நின்று சைக்கிளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடர்ந்த பச்சை நிறம், ஐயா. வெயில் பட்டால் இப்போதுதான் கழுவி வைத்ததுபோல் இருக்கும். என் மனைவி அந்தக் கூட்டத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அழகா இருக்கிறதுதாங்க இதோட வியாதி. கட்டுப் போட்டுடலாம்" என்றாள்.

4. சொன்னபடியே போட்டாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் தூக்கிப்போட்டிருந்த பஞ்சர் டியூபுகளைக் கேட்டு வாங்கி வந்து, கழுவி, இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கத்தரித்தாள். முறிந்த காலுக்குக் கட்டுவதைப் போலவே கீழே பெடல் அச்சின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, எங்கும் சுருக்கம் விழாமல் முன் ஹேண்டில்பாரின் கழுத்து வரை கொண்டுவந்தாள். கடைசி முனையில் பசை தடவி, காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவள் காய் நறுக்கி, தாளித்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை நான் கூடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தேன். விரலை எடுத்தேனா என்று நடுநடுவே உள்ளேயிருந்து விசாரணை வரும். என் திருமண வாழ்வில் நான் மிகவும் பயனுள்ளவனாக உணர்ந்த மாலைகளில் அதுவும் ஒன்று.

பிறகு பழுப்புச் சாயத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்துத் துருவும் பிடிக்க வைத்தாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்ப இதைத் திருடணும்னா ரெண்டு திருடங்க ஒத்துமையா இருக்கணும். ரெண்டு பேருக்கும் கண்ணும் தெரியக் கூடாது" என்று திருப்திப்பட்டாள். அன்றிலிருந்து அந்தச் சைக்கிளில் ஒரு திருகாணிகூடக் களவு போகவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. அவள் வைத்த விதிகள் வேறு சிலவும் உண்டு. துணி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக் கடைக்குள் நுழைபவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளைப் பூட்ட வாசலில் ஊன்றிய கம்பி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து நுழைந்தவள் அவள். பூட்டியதும் இரண்டு இருக்கைகளையும் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போக வேண்டும். மகளின் மாமியார் வீட்டுக்குக்கூட ஆளுக்கொரு இருக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனோம். தங்கள் வீட்டில் நாற்காலி இருக்காது என்று நாங்கள் நினைத்துவிட்டதாக அவர்கள் கொஞ்ச நாள் வருத்தத்தில் இருந்தார்கள். வாசலில் கம்பி இல்லாத கடையென்றால் ஒருவர் உள்ளே போக, மற்றவர் வெளியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என் சட்டைகளெல்லாம் நான் தெருவில் நிற்கையில் அவள் உள்ளே ஒத்த உடம்புக்காரர் யாரையாவது பிடித்து அளவு பார்த்து வாங்கியவை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் நாங்கள் இருவரும் ஒன்றாக உள்ளே உட்கார முடிந்த கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நூலகத்துக்கு எதிரே உள்ள காபிக் கடை. அதன் ஜன்னலுக்கு நேர் வெளியே ஒரு இரும்புக் கம்பி ஊன்றியிருக்கிறது. முன்பு ஏதோ பெயர்ப் பலகையைத் தாங்கியது; பலகை போய்க் கம்பி மட்டும் மிஞ்சியது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் சைக்கிள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். காலையில் ஆளுக்கொரு காபி, ஒரு பன், அதில் பாதிப் பாதி. பேசியதெல்லாம் மருத்துவமனைக் கதை, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதை, மகள் கதை. ஒரே கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அவள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே அந்த இடத்துக்குக் கொண்டுபோவேன். அந்தக் காலை நேரங்கள்போல் வேறெதுவும் எனக்கு வாய்க்கவில்லை, ஐயா.

6. அவள் போன பிறகும் நான் தினமும் அங்கே போகிறேன். இருவர் சைக்கிளைத் தனியாக மிதிப்பது இந்த வயதில் சிரமம்தான்; ஆனாலும் போகிறேன். விதிப்படி இரண்டு இருக்கைகளையும் கழற்றி உள்ளே எடுத்து வந்து, அவளுடையதை எதிர் நாற்காலியில் வைக்கிறேன். கடைக்காரர் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைப்பதில்லை. புதிதாக யாராவது இழுக்க வந்தால், "அது அக்கா எடம்ங்க" என்பார். அவ்வளவுதான், வேறு விளக்கம் சொல்ல மாட்டார்.

7. இனி நடந்த தவறுக்கு வருகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு காலை, சைக்கிளின் நடுக்குழாயில் சிவப்புத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஏழு நாட்களுக்குள் அகற்றாவிட்டால் மாநகராட்சி எடுத்துச் செல்லும் என்பது அதன் வாசகம் என இப்போது தெரிகிறது. நான் அதைப் படிக்கவில்லை. கோணல்மாணலாக, பாதி கிழிந்து, சைக்கிளை முன்னைவிட அசிங்கமாகக் காட்டியது. அவள் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள் என்று எண்ணி, ஓரம் பிரிந்திருந்த இடத்தைச் சொந்தப் பசை போட்டு ஒட்டியும் வைத்தேன். அந்தத் தாளோடு வீட்டுக்குப் போனேன். அந்தத் தாளோடு தினமும் அதே கம்பிக்குத் திரும்பி வந்தேன். மறுவாரம் அதே வேளையில் வந்த தங்கள் பணியாளர்கள் கண்டது, அதே கம்பியில், அதே தாளுடன், இருக்கை ஒன்றுகூட இல்லாமல் துருப்பிடித்து நின்ற ஒரு நீள இரும்பு. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். திருடனை ஏமாற்றச் செய்தது அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டது.

அன்று ஜன்னலோர மேசையில் கைக்குழந்தையுடன் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவர்களை இடம் மாறச் சொல்ல முன்வந்தார், நான்தான் வேண்டாம் என்று உள்மேசைக்குப் போனேன். லாரிச் சத்தம் கேட்டது. லாரி போகாத தெரு ஏது என்று இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது கம்பியும், அறுந்த சங்கிலியும், என் இரண்டு கக்கங்களிலும் இரண்டு இருக்கைகளும் மட்டுமே இருந்தன.

8. மறுநாள் தங்கள் கிடங்குக்குச் சென்றேன். அங்குள்ள கண்காணிப்பாளர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் அடையாளம் காட்டியபோது, "சார், யாரோ குப்பையில போட்டதுன்னுதான் நெனச்சோம்" என்றார். எனக்கு அவமானமும் பெருமையும் சேர்ந்தே வந்தன. ஒரு செவிலியரின் வேலைக்குத் தங்கள் துறை கொடுத்த நற்சான்றாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

ரசீதில் உள்ள எண்ணும் ஃபிரேமில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால் ஒழியத் தர இயலாது என்றார். அது நியாயம்தான். ஆனால் அந்த எண் பெடல் அச்சின் அடியில் இருக்கிறது. அவள் கட்டைத் தொடங்கிய இடமே அதுதான். அந்த முதல் சுற்று அவிழ வேண்டுமானால் கழுத்திலிருந்து அத்தனை சுற்றும் அவிழ வேண்டும். கண்காணிப்பாளர் சுலபமான வழியாக ஒரு கத்தியை எடுத்து, அந்த இடத்தில் மட்டும் கிழித்துப் பார்த்துவிடலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை அங்கேயே விட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஏலம் என்பது வாசல் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மகள் தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். "புதுசா ஒண்ணு வாங்கித் தரேம்ப்பா. ஒரு பழைய டியூபுக்காக யாராவது சைக்கிளையே விட்டுட்டு வருவாங்களா?" என்றாள். கட்டின விதத்தையும் முனையை நான் பிடித்திருந்த கதையையும் சொன்னேன். மகள் அதற்கு முன் அதைக் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும், தானும் புறப்பட்டு வருவதாகச் சொன்னாள்.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) முதலில், ஏலத்தை நிறுத்தி வைக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

(ஆ) இருக்கை இல்லாத சைக்கிள் தங்களிடம் இருக்கிறது. சைக்கிள் இல்லாத இருக்கைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு வந்து தங்கள் முன்னிலையில் பொருத்திக் காட்டுகிறேன். பின்னிருக்கையின் குழாயில் அவள் உயரத்துக்கு நான் போட்ட கீறல், சைக்கிளில் அதைச் செருகும் குழாயின் விளிம்போடு சரியாக நிற்கும். காபிக் கடைக்காரரும் சாட்சி சொல்லச் சம்மதித்துள்ளார். இதை ஆதாரமாக ஏற்க விதியில் இடமிருந்தால் ஏற்றருள வேண்டும்.

(இ) கடைகளின் வாசலில், உள்ளே இருப்பவர் கண்ணில் படும்படி, நல்ல கம்பிகளை ஊன்றித் தர வேண்டும். பெரிய செலவு ஆகாது. ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாகவே காலம் கழிக்கும் தம்பதிகள் இன்னும் சிலராவது இவ்வூரில் இருப்பார்கள்.

10. இருக்கைகள் போதாது, எண்ணைப் பார்த்தே தீர வேண்டும் என்று தாங்கள் ஆணையிட்டால் அதற்கும் கட்டுப்படுகிறேன். கிடங்கில் இருந்தபோது என் வாயில் இது வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகே எழுதுகிறேன். ஆனால் கத்தி வேண்டாம். "கட்டுறவங்க எவ்வளவு மெதுவா கட்டுனாங்களோ, பிரிக்கிறவங்க அதைவிட மெதுவா பிரிக்கணும்" என்று அவள் புதிதாக வரும் செவிலியர்களுக்குச் சொல்வாள். கிடங்கில் வெளிச்சமான ஒரு மூலையும் ஒரு முற்பகலும் தந்தால் போதும், நானே பிரிக்கிறேன். முனை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை. அதை அழுத்திப் பிடித்திருந்தது என் விரல்.

பிரித்த டியூபைக் கழிவுப் பட்டியலில் சேர்க்காமல், சுருட்டி எடுத்துப்போக அனுமதிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் பெடல் அச்சின் அடியிலிருந்து நான் திரும்பச் சுற்றத் தொடங்குவேன். எனக்குக் கட்டுப் போட வராது, சுருக்கம் விழும். இந்த முறை சுற்றுகிற ஆள் நான் என்பதால், முனையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். பசை காயும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொள்வதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

இணைப்பு: ரசீதின் நகல்; அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணி; காபிக் கடைக்காரரின் ஒப்புதல்.

இடம்: காபிக் கடை, உள்மேசை.
நாள்: ஏலத்துக்கு முந்தைய செவ்வாய்.

தங்கள் ஆணைக்காக இரண்டு இருக்கைகளுடன் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்