ஒரு ஆள் குறைகிறது

மாரிகுப்பம்,
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள ரூபேஷுக்கு,

நேசமணி டீச்சர் எழுதுகிறேன். தோஹாவில் நீ சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பாவும் சுகம். வலது கையில் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறது. அதை அவர் போனில் சொல்லியிருக்க மாட்டார். நானும் போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கோடை இடி வந்தது. முதலில் மழை இல்லை, வெறும் காற்று. சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டு வெள்ளைத்தூள் எழும்பி எதிர்வீடே தெரியவில்லை. பக்கத்து ஏனோக் வீட்டுக் கூரைத் தகரம், மேலே வைத்த கல்லையும் உதறிவிட்டுப் பறந்து கரண்டுக் கம்பியில் டமாரென்று அடித்தது. காய்ந்த புல்லில் பொறி விழுந்தது. அணையப்போகும் அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் எப்படிப் பற்றுமோ, அப்படிப் பற்றி நம் லைன் வீடுகளை நோக்கி வந்தது.

சத்தம் கேட்டதுமே எல்லோரும் சந்துக்கு வந்துவிட்டோம். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. ஆனாலும் டமார் என்றால் பூமிக்குள் பாறை வெடித்ததாகத்தான் நம் கால்களுக்கு நினைப்பு. அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

சுரங்கத்திலிருந்து கேஜ் லிஃப்டில் ஏறிவருகிற ஆட்களை எண்ணிய மேஸ்திரி அல்லவா உன் அப்பா, அங்கேயும் எங்களை எண்ண ஆரம்பித்தார். "இன்னா மேஸ்திரி, எனக்கு ஹாஜரி போட்டாச்சா?" என்று ஏனோக் அந்த நேரத்திலும் கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை. "ஒரு ஆளு கொறையுது. மாலா உள்ள கீறா" என்றார்.

உன் அம்மா இறந்து இரண்டு வருஷம். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார். பின்பக்கத்து மூங்கில் தட்டி எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அம்மாவின் போர்வையை, ஆளைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வலது கை வெந்திருந்தது. தரையில் மெதுவாகக் கிடத்தினார். "தண்ணி குடுங்க டீச்சரம்மா, பொகை குடிச்சிட்டா" என்றார். கொடுத்தேன். பிறகுதான் மழை வந்து மற்ற வீடுகளை மீட்டது.

கரும்பலகையில் அழுத்தி எழுதியது துடைத்த பிறகும் தெரியும். மேலாக எழுதியது முதலில் போய்விடும். அப்பாவின் நினைவு சில மாதமாகவே இப்படித்தான் இருக்கிறது. தெளிவாக இருந்த ஒரு நாள், "புள்ளைக்குச் சொல்லாதீங்க, வேலையை உட்டுட்டு வந்துடுவான்" என்றார். சொல்லாமலிருந்தேன். இனி முடியாது.

இப்போது எங்கள் முன்னறையில் படுத்துக்கொள்கிறார். எங்கே இடி இடித்தாலும் எழுந்து சந்துக்குப் போய் எண்ணுகிறார். ஏனோக் கையைப் பிடித்துக்கொள்கிறார். எத்தனை நாள் பிடிக்க முடியும்? கோடை இன்னும் முடியவில்லை. போர்வையைப் பக்கத்தில் வைத்தாலும் ஒரு ஆள் குறைகிறது என்கிறார். அம்மா பெயரை இப்போது சொல்வதில்லை. யார் என்று நான் கேட்கவில்லை.

புறப்பட்டு வா, ரூபேஷ். கர்த்தர் உன் பயணத்தைக் காப்பாராக. வந்ததும் என் வீட்டுக்குள் நுழையாதே மகனே, முதலில் சந்தில் வந்து நில். அவர் எண்ணி முடிக்கட்டும்.

உனக்காக ஜெபிக்கும்,
நேசமணி டீச்சர்