மூன்றாவது வளைவில் எடுத்த படம்

அக்கா,

இன்று காலை எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டியைக் கழுவிவிட்டிருக்கிறார்கள் போல. குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரலாம். நம் பார்க்கின் படகுத் தண்ணீரிலும் இதே வாசனைதான், அதனால் எனக்கு நீதான் வந்தாய். பார்க்கில் அந்தப் பச்சைப் படகில், நடு சீட்டில், நனைந்துவிடும் என்று செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தெம்பு இல்லை.

நாம் பழகியதே ராட்டினமும் படகு சவாரியும் இருந்த அந்தப் பார்க்கில்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் ஊரை விட்டு ஒதுங்கிக் கிடந்த அந்த இடத்துக்கு நான் கள்ளக்குறிச்சியிலிருந்து வருவேன், நீ தியாகதுருகத்திலிருந்து வருவாய். நான் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போடுகிறவள், நீ நிலம் அளக்கும் சர்வேயர். வெளியே கேட்டால் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். பிள்ளைகள் பெரிதாகி, போர் அடிக்குது என்று வரமாட்டேன் என்ற பிறகும் நாம் இருவரும் சீசன் டிக்கெட் எடுத்தோம். உன் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதல் வருடம் உன்னை மேடம், வாங்க போங்க என்று கூப்பிட்டேன். ஒருநாள் படகு ஆடியதில் பயந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டு, அக்கா, பிடிச்சுக்கோ என்று கத்திவிட்டேன். அதோடு மேடம் போயிற்று.

அந்தப் படகு சவாரியை நாம் எத்தனை முறை போயிருப்போம். முதல் வளைவில் சிமெண்டு முதலை, இரண்டாவது வளைவில் இருட்டுக் குகை. மூன்றாவது வளைவு வந்ததும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். அங்கே எதிரே ஒரு சிமெண்டு மலை. அதற்கு நேர் பின்னால் நிஜக் கல்வராயன். யார் பூசிய வண்ணமோ, சிமெண்டு மலையின் உச்சியும் தூரத்து மலையின் சரிவும் ஒன்றாகச் சேர்ந்து, ஏதோ காட்டுக்கு நடுவில் நம்மை யாரோ விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டிப் பார்ப்பாய்.

"தெனமும் எல்லையக் காட்டு, எல்லையக் காட்டுன்னு உசுர எடுக்கறானுங்க. இங்க ஒண்ணுதான் எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. நிம்மதியா இருக்குதுடி."

அண்ணன் தம்பி சண்டை, வரப்புத் தகராறு, கல்லைப் பிடுங்கிப் போட்டவன், பிடுங்கியதைப் பார்த்தவன் என்று வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறவள் நீ. அந்த ஒரு வளைவுக்காகத்தான் வந்தாய் என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பிறகு அந்த அறிவிப்புப் பலகை வந்தது. விண்வெளி உலகம் என்று புதுப் பகுதி வரப்போகிறது, ஆளை மேலே கொண்டுபோய்ப் பொத்தென்று கீழே விடுகிற கோபுரம் ஒன்று நிற்கப்போகிறது என்று படம் போட்டு, கோபுரத்தின் உயரத்தையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ராத்திரியே நம் வாட்ஸப் குழு இரண்டாகப் பிளந்தது. பார்க் பைத்தியங்கள் சேர்ந்து நடத்துகிற குழு. அதுவரை எந்த ராட்டினத்தில் எந்தப் பெட்டி ஜாஸ்தி சுற்றும் என்பதற்கு மேல் சண்டை வந்ததில்லை. கோபுரம் சிமெண்டு மலைக்குப் பின்னால் தலைகாட்டும், மூன்றாவது வளைவு போய்விடும் என்று நீ எழுதினாய். சங்கராபுரத்துப் பஸ் டிரைவர் ஒருத்தர் இருந்தாரே, அவர் விடவில்லை. கூட்டமே வராத பார்க்கில் மலையைப் பார்த்துக்கினு உட்கார்ந்தால் நாளைக்கு அதை மனைபோட்டு வித்துடுவான், அப்புறம் எங்கேயிருந்து மலையைப் பார்ப்பீங்க என்று கேட்டார். ரிஷிவந்தியத்து டீச்சர் உன் பக்கம். பழசைக் கெடுக்காமல் புதுசு கட்டத் தெரியாதா, பின்பக்கம் நிலமா இல்லை என்று அவர் கேட்டார்.

நான் டிரைவர் பக்கம் சேர்ந்தேன், படகிலிருந்து கோபுரம் தெரியவே தெரியாது என்றும் எழுதினேன். பார்க் மூடிவிடுமோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் இந்தக் கடிதம் எழுதுவதே வீண். உன்னோடு பேசி நான் ஜெயித்ததே இல்லை, அக்கா. எது சொன்னாலும் ஒரு கணக்கை எடுத்துப் போடுவாய். ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க, நீ தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீ வழக்கம்போலக் கணக்கோடு வந்தாய். சிமெண்டு மலையின் நிழலை அளந்து அதன் உயரம் கண்டுபிடித்திருந்தாய். வளைவிலிருந்து மலை, மலையிலிருந்து புதுப் பகுதி, எல்லாவற்றையும் ஏற்கெனவே நடந்தே அளந்து வைத்திருந்தாய். படகில் உட்கார்ந்த ஆளின் கண்ணுக்குக் கோபுரத்தின் தலை இரண்டு ஆள் உயரத்துக்குத் தெரியும் என்று எழுதினாய். சர்வேயரம்மா பார்க்குக்கும் பட்டா போட்டுடுவாங்க போலிருக்கே என்று நான்தான் முதலில் கிண்டல் செய்தேன். சிரிக்கிற பொம்மையாகப் பத்து பேர் போட்டார்கள்.

கோபுரம் எழும்பி முடிந்தபோது உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள். பார்க்குக்கு வருகிற உடம்பு இல்லை. நீ போன் செய்தாய்.

"எனக்காக ஒருவாட்டி போய்ட்டு வா. நடு சீட்டுல உக்காரு. மூணாவது வளைவுல உன் கண்ணு எங்க இருக்குதோ அங்கியே போனை வெச்சு ஒரு போட்டோ எடு. கோபுரம் தெரியலன்னா குரூப்ல நானே தப்புன்னு போட்டுர்றேன்."

போனேன். நடு சீட்டில் உட்கார்ந்தேன். குகையிலிருந்து படகு வெளியே வந்து திரும்பியதும் தெரிந்தது. சிமெண்டு மலையும் நிஜ மலையும் சேருகிற அந்த இடத்தில், வெள்ளி நிறத்தில், கோபுரத்தின் தலை. நீ சொன்ன இரண்டு ஆள் உயரம். நாலு படம் எடுத்தேன், நாலிலும் இருந்தது. அடுத்த சுற்றுக்கு மறுபடி டிக்கெட் வாங்கினேன். இந்த முறை இடது ஓரத்தில் உட்கார்ந்து, படகு திரும்பும்போது குனிந்து, கையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி எடுத்தேன். கீழேயிருந்து பார்த்தால் சிமெண்டு மலை இன்னும் மேலே எழும்புமே, கோபுரம் அதற்குள் மறைந்துவிட்டது. படத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தொப்பையையும் மாமியாரின் முறைப்பையும் தினமும் அழிக்கிற எனக்கு, இது ஏமாற்றே இல்லை என்று சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஐந்து படத்தில் ஒன்றை மட்டும் போட்டேன். நடு சீட்டிலிருந்து எடுத்தது என்று எழுதினேன். அன்று சாயங்காலமே நீ எழுதிவிட்டாய். நான் சொன்னது தப்பு, கணக்கில் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன், தங்கச்சி சொன்னதுதான் சரி, எல்லாரும் மன்னிச்சுக்குங்க என்று. டிரைவர் உனக்குக் கைகூப்பிப் போட்டார். பெருந்தன்மை என்று டீச்சர் எழுதினார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போயிற்று. அந்த இரண்டு மாதமும் நீ என்னிடம் பழையபடியேதான் பேசினாய். ஊசி போட்ட கை, நர்சுப் பெண்ணின் காதல் விவகாரம், உப்பு கம்மியாகத் தின்று நாக்கு செத்துப்போன கதை. கடைசியாகப் பேசினோமே, அன்று மட்டும் திடீரென்று கேட்டாய்.

"மூணாவது வளைவு இப்ப எப்பிடிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுக்கா."

"உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

நீ, சரி, சாப்ட்டியா என்று கேட்டாய். நானும் சாப்பிட்டதைச் சொன்னேன். எட்டு நாளில் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். டயாலிசிஸ் சீட்டின் பின்பக்கம். உன் கை எழுத்து, உன் முக்கோணங்கள். போட்டோ வந்த மறுநாளிலிருந்து படுக்கையிலேயே போட்டுக்கொண்டிருந்தாயாம்.

"தப்பு எங்க வந்துதுன்னு தெரியாம செத்துப்போவ மாட்டேன்னு சொல்லிக்கினே இருந்துது, தங்கச்சி. ஒருநாள் கெடச்சிடுச்சுன்னுது. இன்னான்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல, கொழந்த மாதிரி பண்ணியிருக்குதுன்னுது. இத யாருக்கும் காட்டாதீங்கன்னும் சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியும்னு எடுத்து வெச்சேன்."

பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்தேன். உன் கணக்கு முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை போட்டிருந்தது, மூன்று முறையும் ஒரே விடை. அதற்குக் கீழே தலைகீழாகப் போட்டிருந்தாய். கோபுரம் தெரியக் கூடாது என்றால் கேமரா எங்கே இருந்திருக்க வேண்டும்? தண்ணீருக்கு மேலே ஒரு முழத்துக்குள், படகின் இடது ஓரம். அதைச் சுற்றி ஒரு வட்டம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் சொல்லிவிடுவதற்கு ஒரு வழி விட்டுப் பார்த்திருக்கிறாய். குரூப்பில் நீ கேட்ட மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டாய், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சண்டைக்காரர்கள் நடுவில் ஒரு சாண் நிலத்துக்குக்கூட வளைந்து கொடுக்காத நீ, எனக்காக ஒரு பொய்யை உன் பேரில் ஏற்றிக்கொண்டு போனாய். நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா. இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இன்று மதியம் கடையை அடைத்துவிட்டு அந்த நாலு படத்தையும் உன் தாளையும் குழுவில் போட்டேன். எதை எங்கேயிருந்து எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். செத்துப்போனவங்களோட கணக்கை இப்ப எதுக்குக் கிளறணும் என்று ஒருத்தர் கேட்டார். டீச்சர் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டே போய்விட்டார். டிரைவர் மட்டும் போன் செய்தார். பார்க்கில் இப்போது நல்ல கூட்டம், கோபுரத்துக்கு வரிசை நிற்கிறது, அவர் சொன்னதும் பொய்யாகவில்லை. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தம்மாவுக்கு நான் கைகூப்பினேனே, எதுக்குக் கூப்பினேன் என்று மட்டும் கேட்டார்.

ஆல்பம் வேலையில் இப்போதெல்லாம் தொப்பையை அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு, அசல் படத்தையும் கூடவே வைத்துக் கொடுத்துவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அதுவும் நீ போன பிறகுதான் வந்தது.

இன்று சாயங்காலம் பார்க்குக்குப் போயிருந்தேன். நடு சீட்டில், நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ கேட்டதற்கு அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து பார்த்தேன், அக்கா. தெரியுது.