மூன்றாம் வரிசையைப் பார்க்காத கேமரா

9 செப்டம்பர் 2024, திங்கள்

காலையில் மேனேஜர் மீரா சாகிப் அண்ணன் என் மேசையில் இரண்டு விளக்கத் தாள்களையும் ஒரு படிவத்தையும் வைத்தார். கொள்கலன் யார்டு நடுவில் இருக்கும் கம்பத்துக்குப் புதிய சுழல் கேமரா வாங்கப் போகிறார்களாம்.

"பதினோரு வருஷமா அதைத் திருப்பிக்கிட்டு இருக்கிறது நீதான் துளசி. ரெண்டையும் பார்த்து எது நல்லதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடு. மாசக் கடைசிக்குள்ள வேணும்லா."

சரி என்றேன். படிவத்தில் முதல் கேள்வியே: பழைய கேமராவை மாற்றுவதற்கான காரணம்.

சுழலும் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று விபத்து அறிக்கையில் இருக்கிறது. அண்ணன் எழுதியது. அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

மோட்டார் சிக்கவில்லை.

10 செப்டம்பர், செவ்வாய்

ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் நிறம். வெள்ளை நாற்பது மடங்கு பெரிதாக்கும். சாம்பல் இருபத்தைந்துதான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எழுத்துகள் கலங்கின.

13 செப்டம்பர், வெள்ளி

எங்கள் யார்டைக் காவல் காத்த ஜாகா சந்திரசேகரன் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம். ஆயர் ஈத்தாமில் அவர் வீடு, பதினோராவது மாடி. லிப்ட் வரத் தாமதமானது. ஏறாமல் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

படத்தில் அண்ணன் ஜாகா சீருடையில் இல்லை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது, பட்டு ஜிப்பா. எனக்கு அவரை அப்படித் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் நடக்கும் அண்ணன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை யார்டைச் சுற்றுவார், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். முகம் தெரியாத தூரத்திலும் நடையை வைத்துச் சொல்லிவிடுவேன்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். அழவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"துளசி, அன்னிக்கு ஸ்கிரீன் முன்னாடி நீதானே இருந்தே. அவரு எவ்வளவு நேரம் கெடந்தாரு?"

"தெரியலக்கா."

"கையைக் கிய்யை அசைச்சாரா? யாரையாச்சும் கூப்பிட்டாரா?"

"கேமரா கெட்டுப் போச்சுக்கா. ஒண்ணும் தெரியல."

"அப்ப சரி," என்றார். "கெட்டுப்போனதுக்கு நீ என்ன பண்ணுவே." பாயசம் ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி.

குடிக்கவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. ஃபிரிட்ஜில் இருக்கிறது.

14 செப்டம்பர், சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன். நல்ல மழை. மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு மீரா சாகிப் அண்ணன் வாசலிலிருந்து போன் செய்தார். ஒரு லோரிக்காரர் கொள்கலனின் சீல் எண்ணில் தகராறு செய்கிறார், கேமராவை இந்தப் பக்கம் திருப்பிப் பதிவு பண்ணு என்றார். திருப்பினேன். மூன்று பன்னிரண்டுக்கு எல்லாம் முடிந்து லோரி போய்விட்டது.

பிறகு நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு பொத்தானை அழுத்துவது. அழுத்தினால் கேமரா மறுபடியும் தன் சுற்றை ஆரம்பித்து எல்லா வரிசைகளையும் பார்த்துக்கொண்டு வரும். வேலியிலும் வாசலிலும் வேறு கேமராக்கள் உண்டு. கொள்கலன்களின் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் பார்ப்பது இது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து நிபோங் திபாலிலிருந்து என் கூடப்பிறந்த அக்கா கூப்பிட்டாள். மகன் கல்யாணத்துக்குச் சேலை. கடையில் நின்றுகொண்டு படம் படமாக அனுப்பினாள். பச்சை வேணாம் அக்கா, அடிக்குது. அந்த மாம்பழக் கலர எடு. பார்டரக் கிட்டக் காட்டு. சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டு இருந்தேன் நான்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு போர்க்லிப்ட் ஓட்டுபவர் வாக்கிடாக்கியில் கத்தினார்: மூன்றாம் வரிசைக்குப் பின்னால் சந்திரசேகரன் அண்ணன் விழுந்து கிடக்கிறார்.

இருபத்தொன்பது நிமிஷம். பதிவுல என்ன இருக்கு? மூடின கேட்டு. மழை. அவ்வளவுதான். அண்ணன் எப்ப விழுந்தாரு, உடனே போயிட்டாரா, எழுந்திருக்கப் பார்த்தாரா — ஒண்ணும் இல்ல. மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாருன்னு கூட நான் நெனைக்கல. அவரப் பத்தி நெனைக்கவே இல்ல.

மாரடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். பிழைத்திருப்பார் என்றாவது சொல்லியிருக்கலாம்.

17 செப்டம்பர், செவ்வாய்

பாயசத்தைக் கொட்டினேன்.

20 செப்டம்பர், வெள்ளி

செபராங் ஜெயாவிலிருந்து கேமரா கடைக்காரர் ஷஃபீக் வந்தார். முப்பது வயது இருக்கும், நிறையப் பேசுகிறார். பழையதை இறக்கிவிட்டுச் சோதனைக்காக இரண்டையும் ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக மாட்டினார். கண்ட்ரோல் ரூமில் நான், அவர், மீரா சாகிப் அண்ணன்.

முதலில் வெள்ளை. பினாங்குப் பாலம் வரை போய்விட்டது. பாலத்தின் மேல் ஓடும் ஒரு ரொட்டி லோரி திரை முழுக்க வந்து நின்றது. "பாத்தீங்களா அண்ணே! ஆள் ஓடினா தானா பின்னாடியே ஓடும். கண்ணாடிக்கு வைப்பர் இருக்கு, மழைத் தண்ணியத் தொடச்சிரும். கடல் உப்புக்குத் துருப்பிடிக்காது."

அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதே போதும்லா. வாசல்ல தகராறுன்னா சீல் நம்பர் பளிச்சுனு தெரியும்."

சாம்பலைப் பற்றி ஷஃபீக் சுருக்கமாகத்தான் சொன்னார். மேலே சுழலும் தலை. அதற்குக் கீழே நான்கு பக்கமும் நான்கு அசையாத கண்கள். தலை எங்கே திரும்பினாலும் அந்த நான்கும் முழு யார்டையும் சின்னதாகக் காட்டிக்கொண்டே இருக்கும். அரை நிமிடம் யாரும் தொடாவிட்டால் தலை தானாகத் தன் சுற்றுக்குப் போய்விடும்.

"தானாப் போயிருமா?" என்று கேட்டேன்.

"போயிரும் அக்கா. மறந்துட்டாலும் போயிரும்."

மீரா சாகிப் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தொழுகைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

பிற்பகலில் ஷஃபீக்கிடம் சொன்னேன்: இரண்டு தலையையும் வாசல் பக்கம் திருப்பி வையுங்கள், அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் பின்னால் போனேன். சந்திரசேகரன் அண்ணன் கிடந்த இடம் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அங்கே படுத்தேன்.

ஏன் படுத்தேன்? நின்றாலும் சோதித்திருக்கலாம். தெரியவில்லை, படுத்துவிட்டேன்.

சிமெண்டுத் தரை சுட்டது. டீசல் வாடை. தலையைத் திருப்பினால் இரண்டு கொள்கலன்களுக்கு நடுவே கம்பம் தெரிகிறது. உச்சி வரை நன்றாகத் தெரிகிறது. வெள்ளைக் கேமராவின் முதுகு தெரிந்தது. முதுகும், தொங்கும் வயரும்.

அண்ணனுக்கு நினைவு இருந்திருந்தால் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். துளசி இப்போது திருப்புவாள் என்று நினைத்திருப்பாரோ.

வாக்கிடாக்கியில் ஷஃபீக் குரல். "அக்கா, வெள்ளையில நீங்க இல்ல. சாம்பல்ல தெரியிறீங்க. ரொம்பச் சின்னதா. ஆனா தெரியிறீங்க."

நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. "வாங்கக்கா" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அலுவலகம் வரும் வரை கூடவே நடந்தார்.

27 செப்டம்பர், வெள்ளி

எழுதிவிட்டேன். ஏழு தாள் கிழித்த பிறகு ஒரு பக்கம்.

காரணம் என்ற இடத்தில் எழுதியது: பழைய கேமராவில் கோளாறு இல்லை. நான் அதை வாசல் பக்கம் திருப்பினேன். திரும்ப வைக்கவில்லை. சொந்த விஷயமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஆள் மறந்தாலும் மறக்காத கேமரா வேண்டும், ஆகவே சாம்பல். கண்ட்ரோல் ரூமில் ஒரே ஆள் இருக்கக்கூடாது, இரண்டு பேர் வேண்டும்.

மீரா சாகிப் அண்ணன் நின்றுகொண்டே படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியமா? ஒன்னைக் காப்பாத்தத்தானே மோட்டார்னு எழுதினேன்."

"தெரியும்ண்ணே."

"இதை மேல அனுப்பினா மொத அறிக்கை பொய்னு ஆயிரும். என் கையெழுத்தும் இருக்கு, துளசி. எனக்கு ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான்."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான்தானே போன் பண்ணித் திருப்பச் சொன்னேன். அதையும் போட்டிருக்கியா?"

"போடலண்ணே. நீங்க கேட்டது ஆறு நிமிஷம். மிச்சம் என்னோடது."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கிழமை கொண்டா. அதுக்குள்ள மனசு மாறினாலும் மாறும். மாறலேன்னா — லெட்சுமி இதை வேற யார் வாயிலயும் கேக்கக்கூடாது. நீதான் போய்ச் சொல்லணும்."

29 செப்டம்பர், ஞாயிறு

போனேன். சொன்னேன்.

லெட்சுமி அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் குறைத்தார். லோரி, பொத்தான், போன், சேலை, இருபத்தொன்பது நிமிடம் — எல்லாம் வரிசையாகச் சொன்னேன். மன்னிச்சிருங்க என்று சொல்லத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த இடம் வந்தபோது வாய் திறக்கவில்லை.

அக்கா டிவியை அணைத்தார். பிறகு கேட்டார்:

"என்ன கலர் எடுத்தீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"சேலை. கடைசியில என்ன கலர் எடுத்தீங்க?"

"மாம்பழக் கலருக்கா."

தலையை ஆட்டினார். யாரோ பாசாரில் மீன் விலை சொன்னதுபோல.

"நான் அன்னிக்கு அந்த நேரம் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். மழைன்னு உள்ள எடுத்தேன். அவரு சட்டை காயலயேன்னு கவலப்பட்டேன்." பிறகு, "அவரு உன்னைப் பத்திச் சொல்லுவாரு. மேல துளசி இருக்கு, பயமில்லன்னு."

நான் எழுந்தேன்.

"சரி. போ," என்றார்.

போயிட்டு வா என்று சொல்லவில்லை.

30 செப்டம்பர், திங்கள்

தாளைக் கொடுத்தேன். மீரா சாகிப் அண்ணன் இந்த முறை படிக்கவில்லை. முத்திரை குத்தி உறையில் போட்டார். அவர் கையால் எழுதிய இன்னொரு தாளும் அதே உறைக்குள் போனது. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

14 அக்டோபர், திங்கள்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர். ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள், அதில் பத்து நிமிடம்கூடச் சந்திரசேகரன் அண்ணனைப் பற்றி இல்லை. முதல் அறிக்கை ஏன் பொய், அதுதான் கவலை.

வெளியே வந்தபோது மீரா சாகிப் அண்ணன் படிக்கட்டில் நின்றிருந்தார். "என்னை மாக் மண்டின் குடோனுக்கு மாத்துறாங்க. பரவாயில்ல, தினம் பாலம் தாண்டணும், அவ்வளவுதான்." பிறகு, "தூக்கம் வருதா ஒனக்கு?" என்றார்.

இல்லைண்ணே என்றேன்.

"எனக்கும் இல்ல. ஆனா முன்ன மாதிரி பாரமா இல்ல."

21 அக்டோபர், திங்கள்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி கண்ட்ரோல் ரூமில் நான் உட்காரக்கூடாது. யார்டைச் சுற்றும் ஜாகா வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம்.

வீட்டில் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் யோசிக்க யார் இருக்கிறார்கள், நான் ஒருத்திதானே. அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

சாம்பல் கேமராவை வாங்குகிறார்களாம். நான் எழுதியதற்காக அல்ல. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்களாம்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

நிபோங் திபால் கல்யாணம். மாம்பழக் கலரை அக்கா கட்டியிருந்தாள். ரொம்ப அழகாக இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

17 நவம்பர், ஞாயிறு

ஜெலுத்தோங் பாசாரில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். கீரைக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கீரைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும் வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு போனார்.

26 நவம்பர், செவ்வாய்

ஜாகா சீருடையில் மூன்றாவது வாரம். காலணி புதிது, குதிகால் உரிந்துவிட்டது. கேமராவைப் போன வெள்ளிக்கிழமை ஷஃபீக் வந்து மாட்டிவிட்டுப் போனார். கண்ட்ரோல் ரூமில் இப்போது இரண்டு பேர். பகலில் அதிரா என்ற பெண்ணும் இன்னொருவரும்.

இன்று பிற்பகல் சுற்று. வெயில். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் போனதும் கால் நின்றுவிட்டது. தினமும் வேகமாகக் கடந்துவிடுவேன். இன்று முடியவில்லை. கொள்கலன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, ஏன் நின்னுட்டீங்க? ஒடம்பு சரியில்லையா?"

அதிரா. நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. நான் நின்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா? ஆள் அனுப்பவா?"

"வேணாம்மா," என்றேன். "ஒண்ணுமில்ல. நடக்கிறேன்."

"சரிக்கா. மெதுவாவே போங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

நான் அழுதது அவளுக்குத் திரையில் தெரிந்திருக்கும். நான்காம் வரிசைக்குத் திரும்பினேன்.