சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம்

ஜூலை, ஞாயிறு இரவு

அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. அத்தான் புதிதாக வாங்கிய மோட்டார் படகில் அவர், அக்கா, அவர்களின் ஆறு வயது மகள் மிதுனா, நான் எல்லோரும் புவாண்ட்-கிளேர் படகுத்துறையிலிருந்து ஆற்றில் போனோம். ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போகும்போது, படகுகளுக்குப் பாதை காட்டும் சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் ஆழமில்லை, பாறைதான். படகு ஓட்டும் உரிம அட்டைக்கான பரீட்சைக்கு நான் படித்தது. அத்தானின் பரீட்சையை அவருடைய நண்பர்தான் கணினியில் எழுதிக் கொடுத்தார்.

மிதவை தெரிந்ததும் கத்தினேன். "அத்தான், இடப்பக்கம் திருப்புங்கோ! சிவப்பு எங்களுக்கு வலப்பக்கம் வரவேணும்!"

"நீர் சும்மா இரும். குறுக்காலை போனால் கெதியாப் போகலாம்."

படகின் அடி பாறையில் மோதியது. மிதுனா முன்னால் போய் விழுந்தாள். உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. அத்தான் பார்த்தது எஞ்சினை.

கரையில் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். "மிதவையை ஆரோ பிழையான இடத்திலை போட்டிருக்கினம்" என்று அத்தான் சிரித்தார். பிள்ளையின் வாயில் துணியை அழுத்தியபடி அக்காவும், "ஓம், மிதவைதான் பிழை" என்றாள். அவரைவிட அவள் மேல்தான் எனக்கு அருவருப்பு.

சற்றுமுன் அக்காவின் செய்தி வந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அடுத்த ஞாயிறும் போகிறார்களாம்.

"பிள்ளையை என்னட்டை விட்டிட்டுப் போங்கோ" என்று எழுதினேன்.

"அத்தான் கோவிப்பார்."

கோவிக்கட்டும். சனிக்கிழமையே போய் மிதுனாவைக் கூட்டி வந்துவிடுவேன்.