என் குரலில் மட்டும் விளங்கிய ஆங்கிலம்

14 ஒக்டோபர் 2024, திங்கள்

நாலாம் தவணை தொடங்கிவிட்டது. புதிய வகுப்பில் பதினாறு பிள்ளைகள். எல்லாரும் சீனாவிலிருந்து வந்தவர்கள், ஒரு பையன் மட்டும் தைவான். அதை அவன் முதல் நாளே எழுந்து நின்று சொல்லிவிட்டான். டிசம்பரில் எங்கள் கல்லூரி வைக்கும் ஆங்கிலச் சோதனையில் கேட்டல், வாசிப்பு இரண்டிலும் தேறினால்தான் ஜனவரியில் இவர்கள் இங்குள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போகலாம்.

வகுப்பறை ஒலிபெருக்கி போன தவணை மாதிரியே கரகரக்கிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன், யார் கவனிக்கப் போகிறார்கள்? கேட்டல் பயிற்சிக்கான ஒலிப்பதிவைக் கொஞ்ச நேரம் போட்டேன். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு பெண்ணும் ஆணும் பேசுகிறார்கள். இந்த ஊர்க்காரரைப் பற்றித் தெரியாதா, பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுவார்கள். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். நிறுத்திவிட்டு, பதிவின் எழுத்துப் பிரதியை எடுத்து நானே வாசித்தேன். ஊரில், சுன்னாகத்தில் படிப்பித்த காலத்தில் சொல்வதெழுதல் நடத்தியது மாதிரித்தான். ஒரு வசனம், கொஞ்சம் பொறுத்து அதே வசனம் இன்னொரு தரம். உடனே எல்லாத் தலைகளும் குனிந்து எழுதத் தொடங்கின.

இனி இப்படித்தான் செய்யப் போகிறேன்.

23 ஒக்டோபர், புதன்

முன்வரிசையில் ஷின்யீ என்று ஒரு பிள்ளை. பதினாறு வயது, செங்டுவிலிருந்து வந்தவள். கார்லிங்ஃபோர்டில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள். வாசிப்பில் பெரிய கெட்டிக்காரி. நான் கொடுத்த வாசிப்புப் பந்தியில் ஒரு கேள்வியே பிழை என்று கண்டுபிடித்து, அதைச் சொல்ல வெட்கப்பட்டு, துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு என் அறைக்கு வந்தாள். உள்ளே வந்து சாப்பிடலாமா என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்: "மிஸ், நீங்கள் பேசுவது மட்டும்தான் எனக்கு முழுதாக விளங்குகிறது. மற்றவர்கள் பேசினால் வெறும் சத்தம்."

ரயிலில் எங்கள் டூங்கபி நிலையம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ. வீட்டில் இவரிடம் சொன்னேன். "அப்ப உமக்குச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லுமன்," என்றுவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார். கேதீஸ்வரன் என்ற மனிதரிடம் பாராட்டை எதிர்பார்த்தது என் பிழை.

5 நவம்பர், செவ்வாய்

பயிற்சிச் சோதனை. கேட்டலில் என் வகுப்பில் அநேகமாக எல்லாரும் தொண்ணூறுக்கு மேல். அடுத்த அறையில் மேகனின் வகுப்பு ஐம்பதைத் தாண்டவே தவிக்கிறது. மேகன் இந்த நாட்டிலேயே, வொலொங்கொங்கில் பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியை. பதிவைப் போட்டுவிட்டு மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், அதுதான் அவளுடைய படிப்பித்தல்.

எப்படிச் செய்கிறாய் என்று என்னிடம் கேட்டாள். பிரதியைப் பார்த்து நானே வாசிக்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனால் சோதனையில் பதிவுதானே வரும் என்றாள். பொறாமை. வேறென்ன?

18 நவம்பர், திங்கள்

ஷின்யீ இன்று பெட்டியைத் திறக்கவே இல்லை. காரணம் கேட்டேன். காலையில் அப்பா போன் எடுத்துப் பேசினாராம். இங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டில் அவளுக்கு இடம் வைத்திருக்கிறது. டிசம்பரில் தேறாவிட்டால் அந்த இடம் போய்விடும், நீ ஊருக்குத் திரும்பி வா என்று சொல்லிவிட்டாராம். அங்கே அவளோடு படித்தவர்கள் ஒரு வருடம் முன்னே போய்விட்டார்கள். திரும்பிப் போனால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் போய் இருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கப் போய் முடியாமல் வந்தவள் என்று எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

தேறுவேனா மிஸ் என்று கேட்டாள். ஓம், கட்டாயம் தேறுவாய் என்று சொன்னேன். யோசிக்காமலே சொன்னேன்.

25 நவம்பர், திங்கள்

மழை. மூன்று பந்தி வாசித்தேன். எல்லாரும் முழுப்புள்ளி. தொண்டைதான் கட்டிவிட்டது.

2 டிசம்பர், திங்கள்

சோதனை முடிந்தது. எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பெரிய மண்டபத்தில் வைத்தார்கள். புதிய ஒலிபெருக்கிகள், ஒரு கரகரப்பும் இல்லை. இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. இங்குள்ள நீல மலைக்குச் சுற்றுலா போவது பற்றி இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் முடிக்கமுன் மற்றவர் சிரித்துக்கொண்டு குறுக்கே பேசினார். முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேகனின் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ எழுதினார்கள். என்னுடைய பதினாறு பேரில் இரண்டு பேரின் பென்சில்தான் அசைந்தது.

ஷின்யீ தலையை நிமிர்த்தினாள். சத்தம் வந்த பக்கத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் இரண்டாம் தரம் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். அந்த வசனம் போய், அடுத்ததும் போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன்.

4 டிசம்பர், புதன்

வாசிப்பில் கல்லூரியிலேயே என் வகுப்புத்தான் முதல். கேட்டலில் கடைசி. கடைசி என்றால் சும்மா கடைசி இல்லை, மற்ற வகுப்புகளுக்குக் கிட்டவும் இல்லை. இரண்டு பேர்தான் தேறினார்கள். ஷின்யீ வாசிப்பில் கிட்டத்தட்ட முழுப்புள்ளி. கேட்டலில் கண்ணை மூடிக்கொண்டு விடையை வட்டமிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

எங்கள் பொறுப்பாளர் ஹெலன் என்னை அழைத்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் தேநீர் ஊற்றித் தந்தார். பயிற்சிச் சோதனைகளுக்குப் பதிவைப் பயன்படுத்தினீர்களா, சிவா, என்று மெதுவாகக் கேட்டார். சிவனேஸ்வரி என்பது அவருக்கு நீளம். இல்லை என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஷின்யீ வகுப்புக்கு வரவில்லை.

5 டிசம்பர், வியாழன்

பின்னேரம் குசினியில் இருந்து ஒரு பந்தியைப் போனில் வாசித்துப் பதிந்தேன். பிறகு அதே பந்தியின் கல்லூரிப் பதிவையும் போட்டு, இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன். மகள் வினுஷா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். என்ன செய்கிறீர்கள் என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பேசுவதில் என்ன வித்தியாசம், உள்ளதைச் சொல் என்றேன்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டேன். பிறகு, என்னோடு பேசவென்று தமிழிலேயே சொன்னாள்: "அம்மா, நீங்கள் பிழையாக் கதைக்கேல்லை. ஆனா உங்களை மாதிரி இஞ்ச ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

என் மகள் என்னைப் பாவம் பார்த்து மெல்லமாகப் பேசுகிறாள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஆங்கில ஆசிரியை என்று எத்தனை இடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

6 டிசம்பர், வெள்ளி

மேகனுக்குப் பொறாமை இல்லை. அவள் சொன்னது சரி. இதை எழுதவே கை கூசுகிறது.

10 டிசம்பர், செவ்வாய்

ஹெலன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தவறிய பிள்ளைகளுக்கு ஜனவரியில் அவரவர் வகுப்பறையிலேயே மறுசோதனை. அதுவரை இடத்தை வைத்திருக்கப் பள்ளிக்கூடமும், பொறுத்திருக்க ஷின்யீயின் அப்பாவும் சம்மதித்துவிட்டார்கள். இதோடு இன்னொன்றும் சொன்னார். வகுப்பறை ஒலிபெருக்கி பழுது என்று ஒக்டோபரில் நான் கொடுத்த முறைப்பாடு கோப்பில் இருக்கிறதாம். அதைக் காரணம் காட்டி, என் வகுப்புக்கு மட்டும் பதிவுக்குப் பதிலாக ஆசிரியரே வாசிக்க விதியில் இடமுண்டாம். "நீங்களே வாசிக்கலாம், சிவா. பெற்றோருக்கும் நிம்மதி," என்றார். கல்லூரிக்கும் நிம்மதி, அதை அவர் சொல்லவில்லை.

நான் வாசித்தால் எல்லாரும் தேறுவார்கள். ஷின்யீ முழுப்புள்ளி எடுப்பாள்.

பிறகு? பள்ளிக்கூடத்தில எந்த ரீச்சர் அவளுக்காக நிண்டு நிண்டு ரெண்டு தரம் சொல்லப் போறா? சரித்திரமும் விஞ்ஞானமும் வெறும் சத்தமாக் கேட்டுக்கொண்டு ரெண்டு வருசம் இருப்பாளா? ஆனா வாசிக்காமல் விட்டு, திரும்பவும் தவறினால் — பிள்ளை ஊருக்குப் போயிடும். என்னால போயிடும். நான்தானே ஓம் எண்டு சொன்னனான். கடவுளே, என்ன செய்யிறது?

இவரிடம் கேட்டேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டே யோசித்தார், அது பெரிய காரியம். "வாசிச்சு விடும். பிறகு அது அந்தப் பிள்ளையின்ர பாடு," என்றார். அவர் சொன்னதும் எனக்குத் தெளிந்துவிட்டது, எதைச் செய்யக் கூடாது என்று.

11 டிசம்பர், புதன்

வாசிக்க மாட்டேன் என்று ஹெலனிடம் சொல்லிவிட்டேன். தவறிய பிள்ளைகளை விடுமுறை வகுப்பில் மேகனிடம் விடும்படியும் கேட்டேன். மேகனிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் வெற்றி பெற்ற மாதிரி ஒன்றும் காட்டவில்லை. ஷின்யீ உங்களை விட்டு வருவாளா என்று மட்டும் கேட்டாள்.

வருவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

8 ஜனவரி 2025, புதன்

விடுமுறையிலும் கல்லூரிக்குப் போகிறேன், வாசிப்புத் தாள்கள் திருத்த. மத்தியானம் கதவில் தட்டும் சத்தம். பெட்டியோடு ஷின்யீ. மேகனின் வகுப்பில் பாதிதான் விளங்குகிறது, இங்கே இருந்து சாப்பிடலாமா என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு ஆவல்.

உட்காரக் கதிரையைக் காட்டவில்லை. "இனி இங்கே வராதே. என்னோடு பேசுவதால் உனக்கு நட்டம். மேகனோடு போய் இரு, அவள் பேசுவதைக் கேள்," என்றேன். இன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. இரண்டாம் தரம் சொல்லத் தேவைப்படவில்லை.

"நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா, மிஸ்?"

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இல்லை என்பாள், நான் ஓம் என்பேன், பேச்சு வளரும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் தாள்களைத் திருத்தத் தொடங்கினேன். பெட்டியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

ஒரே தாளை மூன்று தரம் திருத்தியிருக்கிறேன்.

15 ஜனவரி, புதன்

ஓய்வறை ஜன்னலால் பார்த்தேன். மேகனும் பிள்ளைகளும் புல்லில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷின்யீ ஏதோ கேட்க மேகன் கையை விரித்து நீளமாகப் பதில் சொன்னாள். வழியில் என்னைக் கண்டபோது ஷின்யீ தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

22 ஜனவரி, புதன்

தேறிவிட்டாள். மட்டுமட்டாகத்தான், ஆனால் பதிவைக் கேட்டுத் தேறிவிட்டாள். செய்தியைச் சொன்னது மேகன். ஷின்யீ எனக்குச் சொல்ல வரவில்லை. நான்தானே வராதே என்றேன்.

தைவான் பையன் உட்பட நாலு பேர் தவறிவிட்டார்கள். அவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். எப்போதும் அவளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3 பெப்ரவரி, திங்கள்

புதிய தவணை, புதிய நேரசூசி. எனக்கு வாசிப்பு மட்டும். கேட்டல் எல்லாம் மேகனுக்கு. உங்கள் பலம் வாசிப்பு என்று ஹெலன் சொன்னார். உண்மைதான். வாசிப்பு வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேசத் தேவையில்லை. பிள்ளைகள் குனிந்து வாசிக்கிறார்கள், நான் நடக்கிறேன்.

வென்ட்வேர்த்வில்லில் மரக்கறிக் கடைக்காரரோடு இன்று தேவைக்கு மேல் பேசினேன். தமிழில்.

20 மே, செவ்வாய்

பின்னேரம் பரமட்டா ரயில் மேடையில் ஷின்யீயைக் கண்டேன். பள்ளிச் சீருடை, தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பக்கத்தில் அதே சீருடையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கே பாதி பிடிபடவில்லை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதற்குள் அவளே கண்டுவிட்டாள். ஓடி வந்தாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. இவர்தான் நான் சொன்ன மிஸ் சிவா என்று சிநேகிதிக்குச் சொன்னாள். என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா வந்து உன்னைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

அவள் முகம் அப்படியே நின்றது. மரியாதையாகச் சிரித்தாள். மன்னியுங்கள் மிஸ், என்ன கேட்டீர்கள் என்றாள். நடிப்பில்லை, பிள்ளைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் வழக்கம்போல நிறுத்தி இன்னொரு தரம் கேட்டேன். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து என் வாயைப் பார்த்தாள். அப்போதும் விளங்கவில்லை.

பக்கத்தில் நின்ற சிநேகிதி அதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னாள். நான் கேட்ட அதே சொற்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. ஷின்யீக்கு உடனே விளங்கிவிட்டது. ஓம் மிஸ், ஈஸ்டருக்கு வந்தார், இரண்டு கிழமை நின்றார் என்றாள்.

நல்லது என்றேன். அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்ல அவளுக்குச் சிநேகிதி தேவைப்படவில்லை. ரயில் வந்தது, இரண்டு பேரும் ஏறிக் கையசைத்தார்கள்.